100 கி.மீ வேகத்தில் திடீரென முதல் கியர்: ஆட்டோமேட்டிக் பிக்கப் டிரக்கில் என்ன நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

நெடுஞ்சாலை. மணிக்கு 100 கி.மீ வேகம். வண்டி ஆறாவது கியரில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுபவர் பிரேக்கைத் தொடவில்லை, கியர் லீவரையும் தொடவில்லை. திடீரென்று ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. இன்ஜின் அலறுகிறது. பின்சக்கரங்கள் கிறீச்சிட்டுத் தேய்கின்றன. யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி வண்டி குலுங்குகிறது.

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஓட்டிய பலர் கொடுத்த புகார் இதுதான். வண்டியே தன்னிச்சையாக ஆறிலிருந்து ஒன்றாவது கியருக்கு இறங்குகிறது. ஓரிரு நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பியும் விடுகிறது. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் எதுவுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓடுகிறது.

கேட்டதும் "கியர்பாக்ஸ் போச்சு" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸின் பற்கள், கிளட்ச் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அது என்ன, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதல் கியருக்கு இறங்கினால் ஏன் அவ்வளவு ஆபத்து?

சின்னக் கணக்கு ஒன்று போட்டால் புரிந்துவிடும். இந்தப் பிக்கப்பில் இருப்பது 6ஆர்80 எனப்படும் 6 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இதில் முதல் கியரின் விகிதம் 4.17, ஆறாவது கியரின் விகிதம் 0.69. அதாவது, கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற, முதல் கியரில் உள்ளே 4.17 சுற்று தேவை. ஆறாவது கியரில் 0.69 சுற்று போதும்.

டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர், பின் ஆக்ஸிலின் விகிதம் 3.55 என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ வேகத்தில் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் நிமிடத்துக்கு சுமார் 2,370 முறை சுற்றும். ஆறாவது கியரில் இன்ஜினுக்கு சுமார் 1,630 ஆர்பிஎம். நிதானமான ஓட்டம்.

அதே வேகத்தில் முதல் கியர் விழுந்தால்? கணக்குப்படி சுமார் 9,870 ஆர்பிஎம் வேண்டும். எந்தப் பிக்கப் இன்ஜினும் அந்தச் சுற்றுக்குப் போகாது. ஆகவே இன்ஜினால் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற முடியாமல், சக்கரத்தை இன்ஜின் தன் வேகத்துக்கு இழுத்து நிறுத்தப் பார்க்கும். பின்சக்கரங்கள் வழுக்கலாம், பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். பூட்டிக்கொண்ட பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் குறைந்துவிடும். மழை ஈரமோ வளைவோ இருந்தால் வண்டியின் பின்பக்கம் திரும்பிவிடும்.

பிரேக் போடாததால் பிரேக் விளக்கும் எரியாது. பின்னால் வரும் வண்டிக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

சரி, கியரை மாற்றச் சொன்னது யார்?

பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் மாற்றத்தை எண்ணெய் அழுத்தமும் ஸ்பிரிங்குகளுமே தீர்மானித்தன. இப்போதைய வண்டிகளில் அந்த வேலை கம்ப்யூட்டருடையது. சாலையில் என்ன வேகம், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது, லீவர் எந்த இடத்தில் இருக்கிறது, எண்ணெயின் வெப்பம் எவ்வளவு என்று பல தகவல்களை அது ஒவ்வொரு நொடியும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதை வைத்து சோலனாய்டுகள் எனப்படும் மின் வால்வுகளுக்கு உத்தரவு போடுகிறது. அவை எண்ணெயைத் திறந்துவிட, உள்ளே இருக்கும் கிளட்ச் பிடிக்கிறது அல்லது விடுகிறது.

இந்தத் தகவல்களில் ஒன்றுதான் வெளி ஷாஃப்டின் வேகம். அதற்கென்று ஒரு சென்சார் இருக்கிறது. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அது மின் துடிப்புகளை அனுப்பும். துடிப்பு அடர்த்தியாக வந்தால் வேகம், குறைந்தால் மெதுவான ஓட்டம், துடிப்பே இல்லையென்றால் வண்டி நிற்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த எஃப்-150 கியர்பாக்ஸில் அந்த சென்சார், 'லீட் ஃப்ரேம்' எனப்படும் பிளாஸ்டிக் வார்ப்புப் பலகையில், கியர்பாக்ஸின் உள்ளேயே சூடான எண்ணெய்க்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல் ஒரு கணம் அறுந்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டருக்கு வேகம் பூஜ்ஜியம் என்று தெரியும். நிற்கிற வண்டிக்கு எந்த கியர் சரி? முதல் கியர். அதையே போட்டுவிடுகிறது.

கம்ப்யூட்டர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்தது. அதற்குக் கிடைத்த தகவல்தான் பொய்.

எத்தனை வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன?

இது ஒன்றிரண்டு வண்டியோடு முடிந்த விஷயமல்ல.

2016 ஏப்ரலில் ஃபோர்டு சுமார் 2 லட்சம் வண்டிகளை ரீகால் செய்தது. 2011, 2012 மாடல் எஃப்-150 பிக்கப்களோடு 2012 மாடல் எக்ஸ்பெடிஷன், மஸ்டாங், லிங்கன் நேவிகேட்டர் ஆகியவையும் அதில் இருந்தன.

2019 பிப்ரவரியில் வட்டம் பெரிதானது. 2011 முதல் 2013 வரையிலான எஃப்-150 வண்டிகள் சுமார் 14.8 லட்சம். இதில் கனடாவில் மட்டும் சுமார் 2.2 லட்சம். இந்தக் கோளாறோடு தொடர்புடையதாக 5 விபத்துகள் தனக்குத் தெரியவந்ததாகவும், அதில் ஒருவருக்குக் கழுத்தில் அடிபட்டதாகவும் ஃபோர்டு அப்போது சொன்னது.

2024 ஜூனில் 2014 மாடல் வண்டிகள், சுமார் 5.5 லட்சம். 2025 மார்ச்சில், 2015 முதல் 2017 வரையிலான சுமார் 12.7 லட்சம் எஃப்-150 வண்டிகளில் இதேபோல் கியர் இறங்குவதாக வந்த புகார்களை வைத்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் புதிதாக விசாரணை தொடங்கியது.

ஆக, 2016-ல் இரண்டு வருட மாடல்களில் தொடங்கிய பிரச்சினை, வருடம் வருடமாக அடுத்தடுத்த மாடல்களுக்கு நீண்டுகொண்டே வந்தது.

சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் சரியாகிவிடுமா?

இந்த ரீகால்களில் டீலர்கள் செய்த முக்கிய வேலை, கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது. "சென்சார் கெட்டுப்போச்சுன்னா சென்சாரைத்தானே மாத்தணும், சாஃப்ட்வேர் எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

புதிய சாஃப்ட்வேர் சென்சாரைக் குணப்படுத்தாது. சென்சார் தகவல் கொடுக்காதபோது கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் மாற்றும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, கண் சிமிட்டும் நேரத்தில் 100-லிருந்து பூஜ்ஜியத்துக்கு வர முடியாது. அப்படி ஒரு எண் வந்தால் அதை நம்பாதே, முதல் கியர் போடாதே, ஓட்டுபவருக்கு எச்சரிக்கை விளக்கைக் காட்டு. இதுதான் புதிய பாடம்.

அதனால் அப்டேட் போட்ட பிறகும் லீட் ஃப்ரேமில் உள்ள கோளாறு அப்படியே இருக்கலாம். ஆனால் அது உயிருக்கு ஆபத்தாக மாறாமல், ஒரு பழுதாக மட்டும் வெளியே தெரியும். 2019 ரீகாலோடு, லீட் ஃப்ரேமை மாற்றித் தருவதற்கான வாரண்டியை 10 ஆண்டுகள் அல்லது 1.5 லட்சம் மைல் என்று ஃபோர்டு தனியாக நீட்டித்ததற்கும் காரணம் இதுதான்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். "ரீகால் முடிச்சாச்சு" என்றால் சாஃப்ட்வேர் மாற்றியாச்சு என்று அர்த்தம். சென்சார் புதுசு என்று அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி: அது உண்மையிலேயே பழுதா?

ஸ்கேனரைச் செருகுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். பிக்கப்களில் 'டோ/ஹால்' என்று ஒரு பட்டன் இருக்கும். டிரெய்லர் இழுக்கும்போது போட்டுக்கொள்வது. அது ஆனில் இருந்தால், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் வண்டி தானாகவே ஒரு கியர் இறங்கும். பிரேக் சூடாகாமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. பழுதில்லை.

மேட்டில் ஏறும்போதும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதும் கியர் இறங்குவதும் இயல்புதான். ஒன்று அல்லது இரண்டு கியர் இறங்கும், ஸ்பீடோமீட்டர் ஒழுங்காக இருக்கும்.

சமதளத்தில், சீரான வேகத்தில், காரணமே இல்லாமல் ஒரேயடியாக அடிக் கியருக்கு விழுந்தால் அது பழுது. கூடவே ஸ்பீடோமீட்டர் முள்ளும் விழுந்தால் சந்தேகம் நேராக வேக சென்சார் பக்கம் போக வேண்டும்.

இரண்டாவது: கோடு என்ன சொல்கிறது?

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரை மாட்டினால், கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் கோடுகள் கிடைக்கும். இந்த விஷயத்தில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில:

- பி0720 முதல் பி0723 வரை: வெளி ஷாஃப்ட் வேக சென்சார் தொடர்பானவை. பி0722 என்றால் சிக்னலே இல்லை. பி0723 என்றால் விட்டுவிட்டு வருகிறது.
- பி0715, பி0717: உள் ஷாஃப்ட் வேக சென்சார்.
- பி0705 முதல் பி0708 வரை: லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார்.
- பி0731 முதல் பி0736 வரை: கம்ப்யூட்டர் போட்ட கியருக்கும் கிடைத்த விகிதத்துக்கும் பொருந்தவில்லை. கிளட்ச் வழுக்கலோ எண்ணெய் அழுத்தக் குறைவோ இருக்கலாம்.
- 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள்: கம்ப்யூட்டர்களுக்கு இடையே பேச்சுவார்த்தை அறுந்திருக்கிறது.

முக்கியமான எச்சரிக்கை: கோடுகளைப் படித்ததும் உடனே அழித்துவிடாதீர்கள். பல ஷெட்களில் முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள். கோடு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், வெப்பம் எவ்வளவு இருந்தது என்ற விவரமும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் கூடவே சேமிக்கப்படும். அழித்தால் அதுவும் போய்விடும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அதுதான் பெரிய சாட்சி. போனில் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு பிறகு அழிக்கலாம்.

இன்னொன்று, கோடு என்பது தீர்ப்பு கிடையாது. பி0722 வந்தால் சென்சார்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. சென்சாரிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்குமான பாதையில் எங்கோ தகவல் தொலைகிறது என்றுதான் அர்த்தம். ஒயரோ, கனெக்டரோ காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது: நான்கு எண்களை ஒன்றாகப் பாருங்கள்

உண்மையான துப்பறியும் வேலை இங்கேதான் இருக்கிறது. ஸ்கேனரில் 'லைவ் டேட்டா' போட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டே நான்கு விஷயங்களைப் பதிவு செய்ய வேண்டும்: கம்ப்யூட்டர் கேட்ட கியர், உள் ஷாஃப்ட் வேகம், வெளி ஷாஃப்ட் வேகம், ஏபிஎஸ் தரும் சக்கர வேகம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். தனியாக முயற்சி செய்யாதீர்கள்.

ஏபிஎஸ் எண் ஏன்? அது கியர்பாக்ஸோடு சம்பந்தமில்லாத தனி சென்சார்களிலிருந்து வருகிறது. வழக்கில் வெளியிலிருந்து வரும் சாட்சி மாதிரி.

பதிவில் இந்த நான்கில் ஒன்று தெரியலாம்.

ஒன்று: வெளி ஷாஃப்ட் வேகம் சடாரென்று பூஜ்ஜியம். ஆனால் சக்கரங்கள் 100 கி.மீ என்கின்றன. கம்ப்யூட்டர் கேட்ட கியர் 1. இங்கே சென்சாரோ, லீட் ஃப்ரேமோ, ஒயரோதான் பொய் சொல்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு: கம்ப்யூட்டர் கேட்டது 6. ஆனால் உள் ஷாஃப்ட் வேகத்தை வெளி ஷாஃப்ட் வேகத்தால் வகுத்தால் 0.69 வரவில்லை. இதில் எலெக்ட்ரானிக்ஸைத் திட்டிப் பயனில்லை. எண்ணெய், சோலனாய்டு, வால்வ் பாடி, கிளட்ச் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

மூன்று: எல்லா வேகமும் ஒழுங்காக இருக்கிறது, இருந்தாலும் கம்ப்யூட்டர் கீழ் கியரைக் கேட்கிறது. அப்படியானால் வேறு ஏதோ ஒரு தகவல் அதைத் தூண்டுகிறது. லீவர் சென்சார், ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கணும்.

நான்கு: ஒரே நேரத்தில் பல எண்கள் சேர்ந்து விழுகின்றன. பேட்டரி, எர்த் ஒயர், கனெக்டர் அல்லது கம்ப்யூட்டர் நெட்வொர்க். பல நேரம் ஒரு லூஸ் கனெக்‌ஷனே போதும்.

விலை குறைந்த புளூடூத் அடாப்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழுது ஒரு நொடிக்கும் குறைவாகவே இருக்கலாம். நீங்கள் 20 எண்களைத் திரையில் போட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும், இடையில் வந்த பழுது கண்ணில் படாமலே போய்விடும். தேவையான நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். சில அடாப்டர்கள் கியர்பாக்ஸ் தகவல்களைப் படிக்கவே படிக்காது. அப்போது நல்ல ஸ்கேனர் உள்ள ஷெட்டுக்குத்தான் போக வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி மேலே போவதுதான் புத்திசாலித்தனம்.

பேட்டரி வோல்டேஜ், எர்த் இணைப்பு இரண்டையும் முதலில் பாருங்கள். அடுத்து கியர்பாக்ஸுக்குள் போகும் பெரிய கனெக்டர். அதைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் ஊறியிருக்கிறதா, பின்கள் வளைந்தோ பச்சை பூத்தோ இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணெய் கசிந்திருந்தால் அங்குள்ள சீலை மாற்ற வேண்டும். லைவ் டேட்டா ஓடும்போது ஒயரை மெல்ல ஆட்டிப் பார்ப்பதும் பழைய முறைதான், ஆனால் இன்றைக்கும் பலன் தருவது.

பிறகு எண்ணெய். அளவு சரியா, கருகின வாசனை வருகிறதா, அடியில் உலோகத் துகள் இருக்கிறதா? கருகின எண்ணெயும் துகளும் இருந்தால் சென்சாரை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.

அதன் பிறகு சாஃப்ட்வேர் பதிப்பு. அதற்குப் பிறகும் வெளி ஷாஃப்ட் சிக்னல் அறுந்தால் லீட் ஃப்ரேம். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றினாலே அதை எட்டிவிடலாம். முழு கியர்பாக்ஸையும் வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பது எப்போதும் கடைசி. அதுவும் மேலே சொன்ன இரண்டாவது காட்சி பதிவில் தெரிந்திருந்தால் மட்டும்.

ஷெட்டில் "பழுது எதுவும் தெரியலையே சார்" என்று சொன்னால் தளர்ந்துவிடாதீர்கள். எந்த நாள், எந்த வேகம், ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம், முள் விழுந்ததா, எந்த விளக்கு எரிந்தது என்று எழுதிவைத்துக் கொடுங்கள். சூடான பிறகுதான் வரும் பழுதை, காலையில் குளிர்ந்த வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஓடும்போதே நடந்தால்?

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்திருங்கள். பதற்றத்தில் வெட்டித் திருப்பவோ, பிரேக்கை ஓங்கி மிதிக்கவோ வேண்டாம். கீழ் கியரிலேயே வண்டி சிக்கிக்கொண்டால் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினால் சக்கரங்கள் விடுபடும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாக ஓடலாம். அதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்மூர் வண்டிகளுக்கும் இது பொருந்துமா?

எஃப்-150 நம்மூர் ஷோரூம்களில் கிடைப்பதில்லை. கனடாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் தமிழர்களுக்குப் பழக்கமான வண்டி அது. ஆனால் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் எதுவானாலும், டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு வி-கிராஸ் உட்பட, அடிப்படை ஒன்றுதான்: சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் நம்பும், சோலனாய்டு செய்யும். இந்த லீட் ஃப்ரேம் கோளாறு அவற்றிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்டுபிடிக்கும் வழி ஒன்றே என்றுதான் சொல்கிறோம்.

இந்தியாவில் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பாதுகாப்புக் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கு ரீகால் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைச் சொல்லி டீலரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்கும் முன் கண்டிப்பாகக் கேளுங்கள்.

யாராவது "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எந்த கியரைக் கேட்டது?" அந்த எண்ணைப் பதிவில் காட்ட முடிந்தால் வேலையைக் கொடுங்கள். காட்ட முடியாவிட்டால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த ஷெட்டைப் பாருங்கள்.